ஐ2பி வலையமைப்புக்கு உலாவி நீட்சி: பிராக்ஸியைத் திருப்பிவிட்டால் போதுமா?

இழைநுனி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஐ2பி வலையமைப்பிலுள்ள தளங்களை வழக்கமான உலாவியிலேயே பார்க்க உதவும் நீட்சி ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம் ஆகிய இரண்டிலும் அது இயங்க வேண்டும் என்பது என் விருப்பம். நிரலுக்குள் ஆழமாக இறங்குவதற்கு முன்பே வடிவமைப்பை இங்கே வைத்து, இத்துறையில் பழகியவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

புதியவர்களும் இந்த இழையைப் படிக்கக்கூடும் என்பதால் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2003-இல் தொடங்கிய ஐ2பி, பயன்படுத்துவோரின் அடையாளத்தை மறைக்கும் வலையமைப்பு. அதில் மையச் சேவையகம் என்று எதுவும் இல்லை. பயன்படுத்துவோர் ஒவ்வொருவருடைய கணினியிலும் ஓடும் திசைவி மென்பொருள்தான் மற்றவர்களின் போக்குவரத்தையும் சுமந்து செல்கிறது. ஒவ்வொரு திசைவியும் மறையாக்கிய தரவு செல்லும் பாதைகளான சுரங்கங்களை, வெளிச்செல்பவை, உள்வருபவை என்று தனித்தனியாக அமைத்துக்கொள்கிறது. இயல்பான அமைப்பில் ஒரு சுரங்கம் 3 கணுக்களைக் (மற்றவர்களின் திசைவிகளை) கடக்கும். 10 நிமிடங்களில் காலாவதியாகும். அதற்குள் அடுத்த சுரங்கம் தயாராகிவிடும். தளத்தின் முகவரி இங்கே ஐபி எண் அன்று. தளத்தின் பொதுச்சாவிகள் அடங்கிய நீண்ட தரவின் ஷா-256 சுருக்கத்தை 52 எழுத்துகளாக எழுதி, அதன் பின்னால் .பி32.ஐ2பி என்று சேர்த்தால் முகவரி கிடைத்துவிடும். உலாவிக்கு இவற்றில் எதுவும் புரியாது. திசைவி 127.0.0.1 முகவரியில், அதாவது அதே கணினியில், 4444-ஆம் போர்ட்டில் ஓர் எச்டிடிபி பிராக்ஸியை (உலாவிக்கும் வலையமைப்புக்கும் இடையே நின்று கோரிக்கைகளைக் கடத்தும் வாயிலை) திறந்து வைத்திருக்கிறது. கோரிக்கையை அங்கே கொடுத்துவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

என் திட்டம் எளிமையானது. கோரிக்கையின் முகவரி .ஐ2பி என்று முடிந்தால் 4444-க்கு அனுப்புவது, இல்லையென்றால் நேரடியாகப் போகவிடுவது. கருவிப்பட்டையில் திசைவி விழித்திருக்கிறதா என்று காட்டும் ஒரு குறி. முடிந்தால் அங்கிருந்தே திசைவியைத் தொடங்கவும் நிறுத்தவும் ஒரு பொத்தான். இந்த வடிவத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தயங்காமல் சொல்லுங்கள்.

கணுவழி எழுதியது:

முதல் வரியிலேயே ஓட்டை இருக்கிறது நண்பரே. முகவரியின் முடிவை மட்டும் பார்த்து வழியைத் தீர்மானிக்கும் நீட்சி, பயனரைக் காப்பதற்குப் பதிலாக அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு .ஐ2பி பக்கத்தைத் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். அதன் எச்டிஎம்எல்லில் ஒரே ஒரு புள்ளி அளவுள்ள படம், வெளி இணையத்திலுள்ள ஒரு சேவையகத்திலிருந்து வருமாறு எழுதப்பட்டிருக்கிறது. பக்கம் அந்தத் தளத்தின் சுரங்கத்தையும் உங்கள் சுரங்கத்தையும் கடந்து, மறையாக்கப் போர்வைக்குள் உங்களிடம் பத்திரமாக வந்து சேர்கிறது. அடுத்த நொடியில் உலாவி அந்தப் படத்தைக் கேட்கிறது. படத்தின் முகவரி .ஐ2பி என்று முடியாததால் உங்கள் நீட்சி அதை நேரடியாகப் போகவிடுகிறது. பக்கத்தை எழுதியவர் அந்தப் படத்தின் பெயரில் ஒவ்வொரு வருகையாளருக்கும் தனி எண் ஒன்றைச் சேர்த்திருந்தால், ஐ2பி வழியாக வந்தவர் யார், அவருடைய உண்மையான ஐபி எண் எது என்ற இரண்டும் ஒரே பதிவேட்டில் அருகருகே அமர்ந்துவிடும். இதற்கு ஜாவாஸ்கிரிப்ட்கூடத் தேவையில்லை.

இணைப்பைச் சொடுக்கும்போதும் இதே தொல்லை உண்டு. வேறு தளத்துக்குப் போகும்போது இன்றைய உலாவிகள் ரெஃபரர் தலைப்பில் முழுப் பாதையை அனுப்புவதில்லை என்றாலும், புறப்பட்ட தளத்தின் பெயரை அனுப்புகின்றன. ஆகவே .ஐ2பி பக்கத்திலிருந்து வெளித் தளம் ஒன்றுக்கு நேரடியாகப் போனால், இன்ன ஐபி-க்கு உரியவர் இன்ன .ஐ2பி தளத்திலிருந்து வருகிறார் என்று அந்த வெளித் தளத்துக்கு நாமே சொல்லிவிடுகிறோம். வலையமைப்பின் பிராக்ஸி ரெஃபரரை நீக்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கோரிக்கை அந்தப் பிராக்ஸியைத் தொடுவதே இல்லையே.

எனவே, கோரிக்கை எங்கே போகிறது என்பதை விட எங்கிருந்து புறப்படுகிறது என்பதைத்தான் நீட்சி முதலில் பார்க்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் நீட்சிகளுக்கு உலாவி தரும் பிராக்ஸி ஏபிஐ-யின் (நிரல் இடைமுகத்தின்) ஆன்ரிக்வெஸ்ட் நிகழ்வு இதற்கு வேண்டிய விவரங்களைத் தருகிறது: கோரிக்கையை எழுப்பிய ஆவணத்தின் முகவரி, தாவலின் எண், குக்கீ சேமிப்பிடத்தின் அடையாளம் எல்லாம் அதில் உண்டு. ஐ2பி-க்கென்று தனிக் கொள்கலன் (குக்கீகளைத் தனியே வைத்திருக்கும் தாவல் தொகுதி) ஒன்றை உருவாக்கி, அந்தக் கொள்கலனிலிருந்து புறப்படும் எதுவாக இருந்தாலும், அது வெளி இணையத்துக்கே போவதாயினும், 4444-க்கு அனுப்புங்கள். ஐ2பி-யிலிருந்து வெளி இணையத்துக்குக் கொண்டுசெல்லும் வெளிவாயில் பிராக்ஸியைத் திசைவியில் அமைத்திருந்தால் அது வழியாகப் போகும். இல்லையென்றால் பிழைப் பக்கம் வரும். இரண்டுமே பாதுகாப்பானவை.

குரோமியத்தில் இந்த வசதி இல்லை. அங்கே எந்தக் கோரிக்கைக்கு எந்தப் பிராக்ஸி என்று தீர்மானிப்பது பிஏசி என்ற சிறு நிரல். அதற்குக் கிடைப்பவை போகும் முகவரியும் புரவலர் பெயரும் மட்டுமே. யார் கேட்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. நீட்சி முன்கூட்டியே அறிவித்துவிட, உலாவியே செயல்படுத்தும் அறிவிப்பு வகை விதிகளைக் கொண்டு, .ஐ2பி பக்கம் எழுப்பும் வெளிக் கோரிக்கைகளைத் தடுத்துவிடலாமே தவிர, வழியை மாற்றிவிட முடியாது. ஒரே நிரல் இரண்டு உலாவிகளுக்கும் பொருந்தும் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுவது நல்லது.

நுண்கண் எழுதியது:

கணுவழி சொன்னது, எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது எழும் கசிவு. ஏதாவது ஒன்று முறியும்போது நீட்சி என்ன செய்யும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள், ஏனென்றால் ஐ2பி-யில் அது அரிதான நிலை அன்று. திசைவியைத் தொடங்கியபின் சுரங்கங்கள் அமைவதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த நேரத்தில் பொறுமையிழந்து முகவரிகளைத் தட்டுவது மனித இயல்பு.

குரோமியத்தில் பிஏசி நிரலோடு 'கட்டாயம்' என்று பொருள்படும் ஒரு பண்பு உண்டு. அதை மெய் என்று வைக்காவிட்டால், நிரல் ஏதோ காரணத்தால் செல்லாததாகும்போது உலாவி சத்தமில்லாமல் நேரடித் தொடர்புக்குத் திரும்பிவிடும். அதன் இயல்பிருப்பு பொய் என்பதுதான் கவலைக்குரியது. ஃபயர்ஃபாக்ஸிலும் இதற்கு இணையான ஒன்று இருக்கிறது. 2021-இல் சில நீட்சிகள் பிராக்ஸி ஏபிஐ-யைத் தவறாகப் பயன்படுத்தி, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வந்து சேராமல் தடுத்தன. அதைத் தொடர்ந்து, பிராக்ஸி தோல்வியுற்றால் புதுப்பிப்பு போன்ற முக்கியமான கோரிக்கைகள் நேரடியாகப் போகும்படி மோசில்லா 91.1 பதிப்பில் மாற்றியமைத்தது. பொதுமக்களுக்கு அது நல்ல மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் "என் உலாவியிலிருந்து எதுவும் நேரடியாகப் போகாது" என்று நீட்சி ஒன்று உறுதி கூற முடியாது என்பதற்கு அதுவே சான்று.

அடுத்து, பெயர்த் தேடல். டோர் என்ற மற்றோர் அநாமதேய வலையமைப்பின் .ஆனியன் என்ற முடிவு 2015-இல் ஆர்எஃப்சி 7686 என்ற இணையத் தர ஆவணம் வழியாகச் சிறப்புப் பெயராக ஒதுக்கப்பட்டது. ஃபயர்ஃபாக்ஸ் அதை, பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்-க்கு அனுப்பாமலேயே நிறுத்திவிடும். .ஐ2பி-க்கு அப்படி ஒதுக்கீடு எதுவும் இல்லை. பிராக்ஸியைத் தவறவிட்ட ஒரே ஒரு கோரிக்கை போதும், நீங்கள் பார்க்க விரும்பிய தளத்தின் பெயர் அப்படியே இணையச் சேவை தருபவரின் டிஎன்எஸ் பதிவில் ஏறிவிடும்.

இதைவிட எளிதான கசிவு முகவரிப் பட்டையில் இருக்கிறது. எச்டிடிபி என்ற முன்னொட்டு இல்லாமல் ஒரு தளத்தின் பெயரையும் .ஐ2பி என்ற முடிவையும் மட்டும் தட்டி என்டரை அழுத்திப் பாருங்கள். அது பொதுப் பின்னொட்டுப் பட்டியலில் இல்லாததால், உலாவி அதை ஏதோ தேடல் சொல் என்று நினைத்துத் தேடுபொறிக்கு அனுப்பிவிடும். பயனரின் கணக்கு அங்கே உள்நுழைந்த நிலையில் இருந்தால், தேடல் வரலாற்றில் அந்த முகவரி அவர் பெயரோடு சேர்ந்து நிற்கும். ஃபயர்ஃபாக்ஸில் .ஐ2பி-யை டொமைன் முடிவாக ஏற்கச் செய்யும் அமைப்பு உண்டு. ஆனால் அது உள்ளமைப்புப் பக்கத்தில் இருக்கிறது, நீட்சியின் கை அதுவரை எட்டாது.

ஆகவே என் பரிந்துரை: நீட்சி தொடங்கும்போது எல்லாவற்றையும் மூடிய நிலையில் தொடங்க வேண்டும். கொள்கலனுக்குரிய கோரிக்கைக்கு யாரும் காத்திராத ஒரு போர்ட்டை முதலில் பிராக்ஸியாகக் கொடுங்கள். திசைவி பதிலளித்த பிறகே 4444-ஐக் கொடுங்கள். அதோடு கோரிக்கை எழும்போது ஓடி அதைத் தடுக்கும் கேட்பான் ஒன்றையும் இரண்டாவது அடுக்காக வையுங்கள். இரண்டில் ஒன்று பிழையால் முறிந்தாலும் மற்றது நிற்கும். கேட்பான்களைப் பின்னணி நிரலின் முதல் வரிகளிலேயே, எந்த ஒத்திசைவிலா அழைப்புக்கும் காத்திராமல் பதிவுசெய்யுங்கள். அமைப்புகளைச் சேமிப்பிடத்திலிருந்து படித்துவிட்டு அதன் பிறகு பதிவுசெய்யும் பழக்கம் பல நீட்சிகளில் இருக்கிறது. இங்கே அது ஆபத்து.

இழைநுனி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஃபயர்ஃபாக்ஸ் பதிப்பைக் கொள்கலன் அடிப்படையில் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். வழக்கமான தாவலில் யாராவது .ஐ2பி முகவரியைத் திறந்தால் அந்தக் கோரிக்கையை ரத்துசெய்துவிட்டு, அதே முகவரியைக் கொள்கலனில் புதிய தாவலாகத் திறப்பேன். முகவரிப் பட்டைச் சிக்கலுக்கு, ஒரு குறுஞ்சொல்லைத் தட்டி அதன் பின்னால் முகவரியை இடும் வசதியைத் தரலாம். பழகியவர்களுக்காவது அது உதவும்.

காணொளி அழைப்பு போன்றவற்றுக்கு உலாவிகள் நேரடியாக இணையும் வெப்ஆர்டிசி பற்றிய கேள்வி மீதம் இருக்கிறது. அதன் யுடிபி போக்குவரத்து ஆன்ரிக்வெஸ்ட் வழியாக வருவதில்லை என்பதால் பிராக்ஸி விதி அதைத் தொடாது. பிரைவசி ஏபிஐ கொண்டு அதை முடக்கலாம். ஆனால் அந்த அமைப்பு கொள்கலனுக்கு மட்டும் பொருந்துவதாக இல்லையே?

பாறைமீன் எழுதியது:

பொருந்தாது. உலாவி முழுவதற்கும் ஒரே அமைப்புதான். அங்கே முடக்கினால் பக்கத்துத் தாவலில் காணொளி அழைப்பில் இருப்பவரின் அழைப்பும் விழுந்துவிடும். அவர் நீட்சியைச் சபித்துக்கொண்டே அமைப்பைத் திருப்பிவிடுவார், அதோடு பாதுகாப்பும் போய்விடும். நான் சொல்ல வந்த பெரிய செய்திக்கு இது ஒரு சிறிய சான்று மட்டுமே. அன்றாட உலாவிக்குள் அநாமதேயத்தைத் திணிக்கும் முயற்சியையே கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பாதையில் ஒரு திட்டம் ஏற்கெனவே நெடுந்தூரம் நடந்து திரும்பியிருக்கிறது. டோர் வலையமைப்புக்கு டோர்பட்டன் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி இருந்தது. ஒரே உலாவியில் ஒரு பொத்தானை அழுத்தி டோர் நிலைக்கும் சாதாரண நிலைக்கும் மாறிக்கொள்ளலாம் என்பதே அதன் அடிப்படை. அதை எழுதியவர்கள் திறமையிலும் எச்சரிக்கையிலும் நம்மைவிடக் குறைந்தவர்கள் அல்லர். அப்படியிருந்தும் 2011-இல் அந்த மாற்றுப்பொத்தான் முறையையே கைவிட்டு, தனித்து இயங்கும் டோர் உலாவியே ஒரே வழி என்று அறிவித்தார்கள். ஒரு நிலையில் சேர்ந்த குக்கீயோ, தற்காலிகச் சேமிப்போ, திறந்திருந்த தாவலின் நிரலோ மற்ற நிலைக்குள் நுழையும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. பயனர்களுக்கோ தாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதே குழப்பமாக இருந்தது.

கொள்கலன் குக்கீயைப் பிரிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வரலாற்றை அது பிரிக்காது. நீங்கள் பார்த்த .ஐ2பி முகவரிகள் எல்லாம் வழக்கமான வரலாற்றில் சேரும். ஒத்திசைவு இயக்கத்தில் இருந்தால் கைப்பேசியின் முகவரிப் பட்டையிலும் பரிந்துரையாக எட்டிப்பார்க்கும். தனிப்பட்ட சாளரத்தில் வரலாறு நிற்காது, ஆனால் அங்கே கொள்கலன்கள் வேலை செய்யா.

உலாவியின் பண்புகளைச் சேர்த்து ஆளை அடையாளம் காணும் உலாவிக் கைரேகை இன்னொன்று. ஐ2பி-யின் எச்டிடிபி பிராக்ஸி, உலாவியின் பெயரைச் சொல்லும் பயனர்முகவர் தலைப்பை எடுத்துவிட்டு எல்லோருக்கும் எம்ஒய்ஓபி/6.66 என்று ஒரே சரத்தை வைக்கிறது. இது அருமையான ஏற்பாடு. ஆனால் பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால், அது நேவிகேட்டர் பொருளிலிருந்து உண்மையான உலாவிப் பெயரையும் இயங்குதளத்தையும் படித்துவிடும். திரையின் அளவு, நேர மண்டலம், எழுத்துருக்கள் எல்லாம் அதனோடு சேரும். எச்டிடிபிஎஸ் தளமாக இருந்தால் பிராக்ஸிக்குத் தலைப்புகளைத் தொடும் வாய்ப்பே கிடையாது. டோர் உலாவியில் ஆயிரக்கணக்கானோர் ஒரே முகத்தோடு வருகிறார்கள். உங்கள் நீட்சியைப் பயன்படுத்துபவர் ஒவ்வொருவரும் தத்தம் அன்றாட முகத்தோடு வருவார்கள். அநாமதேயம் என்பது கூட்டத்தில் ஒருவராக இருப்பது. தனியொருவராக இருந்து அதை அடைய முடியாது.

கணுவழி எழுதியது:

பாறைமீன் சொல்லும் உண்மைகளில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் முடிவில் வேறுபடுகிறேன். நீட்சி இல்லாத இடத்தில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்: அன்றாட உலாவியின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் 127.0.0.1, 4444 என்று கைப்பட எழுதுகிறார்கள். வேலை முடிந்ததும் மாற்ற மறக்கிறார்கள், அல்லது இணையம் வேலை செய்யவில்லை என்று பாதியிலேயே மாற்றிவிடுகிறார்கள். குக்கீ, ரெஃபரர், வெப்ஆர்டிசி எதற்கும் அங்கே காப்பு இல்லை. நல்ல நீட்சி அவர்களுடைய நிலையை மேம்படுத்தும்.

ஜாவாஸ்கிரிப்ட் பற்றிய கவலைக்கும் நடைமுறை விடை உண்டு. கொள்கலனுக்கு வரும் பதில்களின் தலைப்பில், ஸ்கிரிப்ட் எதையும் அனுமதிக்காத உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கையை நீட்சியே சேர்த்துவிடலாம். ஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் வெப்ஆர்டிசி-யும் இல்லை, நேவிகேட்டரைப் படிப்பதும் இல்லை. உலாவி முழுவதற்குமான அமைப்பைத் தொட வேண்டிய தேவையும் எழாது. ஐ2பி தளங்களில் பெரும்பாலானவை எளிமையான பக்கங்களே. ஸ்கிரிப்ட் தேவைப்படும் தளத்துக்குப் பயனர் தனியாக அனுமதி கொடுக்கட்டும். ஃபயர்ஃபாக்ஸில் நீட்சிகளுக்கான புதிய விதித்தொகுதியான மேனிஃபெஸ்ட் 3-க்கு மாறினாலும் பதில்களை இடைமறித்து மாற்றும் வெப்ரிக்வெஸ்ட் வசதி தொடர்கிறது. குரோமியத்தில் நிறுவனக் கொள்கை வழியாக நிறுவப்பட்ட நீட்சிகளுக்கு மட்டுமே அது உண்டு. மற்றவை அறிவிப்பு விதிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

புதுவரவு எழுதியது:

ஓர் அடிப்படையான ஐயம். திசைவியைத் தனியாக நிறுவச் சொல்வதே பலரையும் விரட்டிவிடுகிறது. நீட்சியே ஒரு கணுவாக இயங்கினால் இந்தத் தொல்லை தீருமே, அது ஏன் இயலாது?

நுண்கண் எழுதியது:

நியாயமான கேள்விதான். ஐ2பி கணுக்கள் தமக்குள் பேசுவதற்கு இரண்டு போக்குவரத்து முறைகள் உண்டு: டிசிபி மீது என்டிசிபி2, யுடிபி மீது எஸ்எஸ்யு2. இரண்டுக்கும் வெறும் சாக்கெட் (இயங்குதளம் தரும் நேரடி வலைத்தொடர்பு) வேண்டும். மற்ற கணுக்கள் வந்து தட்டும்போது திறப்பதற்குத் திறந்த போர்ட்டும் இருந்தால் நல்லது. உலாவி நீட்சிக்குத் தருபவை எச்டிடிபி, வெப்சாக்கெட், வெப்ஆர்டிசி போன்றவை மட்டுமே. வெப்ஆர்டிசி-யைப் பயன்படுத்தி நீட்சியையே வலையமைப்பின் பகுதியாக்கிய நல்ல எடுத்துக்காட்டு டோர் திட்டத்தின் ஸ்னோஃப்ளேக். ஆனால் அதுவும் தணிக்கையில் சிக்கியவர்களை டோரின் நுழைவாயில் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் இடைத்தரகுப் பணியைத்தான் செய்கிறது. டோரின் கணுவாக அது மாறுவதில்லை.

ஆயுளும் ஒரு தடை. குரோமியத்தில் மேனிஃபெஸ்ட் 3 நீட்சியின் பின்னணி, தேவைப்படும்போது மட்டும் ஓடும் ஒரு சர்வீஸ் வொர்க்கர். 30 நொடிகள் வேலையின்றி இருந்தால் உலாவி அதை நிறுத்திவிடும். மற்றவர்களின் சுரங்கம் ஒன்று 10 நிமிடம் உங்களை நம்பி ஓடவேண்டிய வலையமைப்பில், தாவலை மூடியதும் மறையும் கணுவால் எல்லோருக்கும் இடையூறுதான்.

இந்த இடத்தில் இழைநுனிக்கு இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, லோக்கல்ஹோஸ்ட். ஜாவா திசைவியின் நிர்வாகப் பக்கம் 7657-ஆம் போர்ட்டிலும், சி++ மொழியில் எழுதப்பட்ட ஐ2பிடி என்ற திசைவியின் பக்கம் 7070-இலும் இயல்பாக இருக்கும். உலாவி தடுக்காவிட்டால், எந்த வலைத்தளமும் தன் பக்கத்தில் ஒரு படக்குறி இட்டு, அதன் முகவரியாக 127.0.0.1, 7657, அந்த நிர்வாகப் பக்கத்தின் சின்னம் ஒன்றின் பாதை என்று எழுதிவைக்கலாம். படம் ஏறினால் ஒரு நிகழ்வு, ஏறாவிட்டால் வேறொரு நிகழ்வு. வருகையாளர் ஐ2பி பயன்படுத்துபவரா என்பது அந்த வேறுபாட்டிலேயே தெரிந்துவிடும். ஆகவே, வெளித் தளமாயினும் .ஐ2பி தளமாயினும், வலைப்பக்கம் ஒன்று இந்தப் போர்ட்டுகளை நோக்கி எழுப்பும் கோரிக்கைகளை உங்கள் நீட்சி தடுக்க வேண்டும். பயனர் தாமே முகவரியைத் தட்டித் திறப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, நீட்சியே தன் இருப்பைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. வலைப்பக்கங்கள் அணுகக்கூடிய கோப்புகள் என்று மேனிஃபெஸ்ட்டில் எதையும் அறிவிக்காதீர்கள். குரோமியத்தில் நீட்சியின் அடையாளம் எல்லோருக்கும் ஒன்றே என்பதால், அப்படி அறிவித்த ஒரு சின்னப்படத்தைக் கேட்டுப் பார்த்தே நீட்சி இருப்பதைக் கண்டுபிடிக்கலாம். ஃபயர்ஃபாக்ஸில் ஒவ்வொரு நிறுவலுக்கும் தற்போக்கான அடையாளம் கிடைக்கிறது. ஆயினும் அதை நம்பி அலட்சியமாக இருக்க வேண்டாம். பக்கத்துக்குள் பொத்தானோ பட்டையோ செருகும் ஆசையையும் விட்டுவிடுங்கள். செருகியதைப் பக்கத்தின் நிரல் பார்த்துவிடும்.

இழைநுனி எழுதியது:

திசைவியின் நிலையை அறிய நிர்வாகப் பக்கத்தைத் தொடாமலேயே ஒரு வழி கிடைத்திருக்கிறது. ஜாவா திசைவியின் பிராக்ஸிக்குப் பிராக்ஸி.ஐ2பி என்ற பெயரில் ஒரு கோரிக்கை வந்தால், அதை வலையமைப்புக்குள் அனுப்பாமல் தானே பதில் சொல்லிவிடுகிறது. பின்னணி நிரலிலிருந்து அங்கே ஒரு சிறு படத்தைக் கேட்டால், பிராக்ஸி உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வெளியே ஒரு பைட்கூடப் போகாது.

தொடக்க, நிறுத்தப் பொத்தான் பற்றி உங்கள் கருத்து என்ன? நேட்டிவ் மெசேஜிங் வழியாகச் செய்யலாம் என்று எண்ணுகிறேன்.

பாறைமீன் எழுதியது:

அதை விட்டுவிடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். நேட்டிவ் மெசேஜிங்குக்கு உலாவிக்கு வெளியே ஓடும் துணைநிரல் ஒன்றை நிறுவ வேண்டும். அதற்கு ஒவ்வோர் இயங்குதளத்திலும் தனிக் கோப்பு, தனிப் பாதை. இன்று அந்த நிரல் திசைவியைத் தொடங்க மட்டும் எழுதப்பட்டிருக்கும். நாளை நீட்சியின் வெளியீட்டுக் கணக்கு யாரிடமாவது சிக்கினால், உலாவியின் மணல்பெட்டிக்கு (நிரல்களை அடைத்துவைக்கும் பாதுகாப்பு வேலிக்கு) வெளியே கட்டளையிடும் கதவு எல்லாப் பயனர்களின் கணினியிலும் தயாராக இருக்கும். பெயர்பெற்ற நீட்சியை அதன் ஆசிரியரிடமிருந்து விலைக்கு வாங்கி, தீய நிரலைப் புதுப்பிப்பாக அனுப்பும் வழக்கம் நாம் எல்லோரும் அறிந்ததே. இந்த வலையமைப்பைப் பயன்படுத்துபவர்களில் சிலருக்கு அதன் விலை மிகப் பெரிது. திசைவி கணினியோடு சேர்ந்தே தொடங்கி நெடுநேரம் ஓடுவதுதான் வலையமைப்புக்கும் நல்லது, அதைப் பொத்தானால் அணைத்து எழுப்புவதைவிட.

இன்னொரு நேர்வையும் யாரும் தொடவில்லை. நீட்சி புதுப்பிக்கப்படும்போது என்ன நடக்கும்? பழைய பதிப்பின் கேட்பான்கள் நீங்கிப் புதியவை பதிவாகும் வரை இடையில் ஓர் இடைவெளி விழுகிறது. பயனர் நீட்சியை முடக்கினால் அந்த இடைவெளி முடிவதே இல்லை. கொள்கலன் தாவல்கள் திறந்தபடியே இருக்கும். அவற்றிலிருந்து எழும் கோரிக்கைகள் எல்லாம் நேரடியாகப் போகும்.

கணுவழி எழுதியது:

புதுப்பிப்புக்கு மட்டும் விடை இருக்கிறது. புதுப்பிப்பு தயாராக இருப்பதை அறிவிக்கும் ரன்டைம் நிகழ்வை நீட்சி கேட்டுக்கொண்டிருந்தால், உலாவி உடனே மாற்றாமல் காத்திருக்கும். அந்த நேரத்தில் கொள்கலன் தாவல்களை எல்லாம் மூடிவிட்டு, பிறகு நீட்சியே தன்னை மீளேற்றம் செய்துகொள்ளலாம். ஆனால் பயனர் முடக்கும்போது நீட்சிக்கு இப்படி எந்த அவகாசமும் கிடைப்பதில்லை. இந்த ஒரு நேர்வில் பாறைமீனின் வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. காப்பு நீட்சிக்குக் கீழே, உலாவியின் அமைப்புகளும் வரலாறும் அடங்கிய சுயவிவரத்திலேயே இருக்க வேண்டும்.

அப்படியானால் இரண்டையும் சேர்த்தே செய்யலாம். ஐ2பி-க்கென்று தனிச் சுயவிவரம். அதற்குள் வைக்க ஒரு சிறிய அமைப்புக் கோப்பு. அந்தக் கோப்பில் கைமுறைப் பிராக்ஸியாக 4444, தோல்வியில் நேரடித் தொடர்புக்குத் திரும்பும் வசதி அணைப்பு, வெப்ஆர்டிசி அணைப்பு, ஒத்திசைவு அணைப்பு, நுண்கண் சொன்ன .ஐ2பி முடிவை ஏற்கும் அமைப்பு ஆகியவை இருக்கட்டும். நீட்சி முடங்கினாலும் அடித்தளம் அப்படியே நிற்கும். குரோமியத்தில் தனிப் பயனர்தரவு அடைவையும் பிராக்ஸியையும் கட்டளைவரியில் கொடுத்துத் தொடங்கலாம். அங்கே நீட்சியின் பிராக்ஸி அமைப்புக்கு முன்னுரிமை உண்டென்றாலும், நீட்சி விலகியதும் கட்டளைவரியில் கொடுத்தது நடைமுறைக்கு வந்துவிடும்.

இழைநுனி எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். துணைநிரலும் பொத்தானும் திட்டத்திலிருந்து நீங்குகின்றன. அமைப்புக் கோப்பு நீட்சியின் மூலநிரலோடு சேர்ந்தே வெளிவரும். தனிச் சுயவிவரம் பரிந்துரைக்கப்படும் வழியாகவும், அன்றாட உலாவியில் கொள்கலன் அடுத்த நிலையாகவும் இருக்கும். கொள்கலன் வழியைத் தேர்பவருக்கு, நீட்சியை முடக்கும் முன் தாவல்களை மூடச் சொல்லும் எச்சரிக்கை முதல் திரையிலேயே வரும். விளக்கக் குறிப்பில் "அநாமதேயமாக்கும்" என்ற உறுதிமொழி இராது. "ஐ2பி தளங்களை அணுக உதவும், இன்னின்ன கசிவுகளைத் தடுக்கும்" என்று மட்டும் எழுதுவேன். கசிவுச் சோதனையை எப்படி அமைப்பது என்று மட்டும் யாராவது வழிகாட்டினால் நிரலைத் தொடங்கிவிடலாம்.

நுண்கண் எழுதியது:

முதலில் திசைவியை முழுவதுமாக நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். திசைவி ஓடினால் அதன் சொந்த யுடிபி போக்குவரத்தில் உலாவியின் கசிவு கலந்து மறைந்துவிடும். உலாவியில் டிஎன்எஸ்-ஐ எச்டிடிபிஎஸ் வழியாக அனுப்பும் வசதியையும் சோதனைக்காக அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கசிந்த பெயர்கள் மறையாக்கத்துக்குள் போவதால் உங்கள் கண்ணில் படாமலேயே போய்விடும். பிறகு வலை இடைமுகத்தில் பொட்டலங்களைப் பிடிக்கும் கருவியை ஓடவிட்டு, டிஎன்எஸ் பயன்படுத்தும் 53-ஆம் போர்ட்டைக் கவனியுங்கள். வெளிப்படம், வெப்ஆர்டிசி எழுப்பும் ஸ்டன் கோரிக்கை, 127.0.0.1 படக்குறி ஆகிய மூன்றும் கொண்ட ஒரு பக்கத்தை நீங்களே எழுதி, 4444-இல் ஒரு போலிப் பிராக்ஸியை வைத்து அதன் வழியே பரிமாறுங்கள். அந்தத் தாவல் திறந்திருக்கும்போதே நீட்சியை முடக்குங்கள், திரும்ப இயக்குங்கள், உலாவியை மூடித் தாவல்கள் மீளும்படி திறங்கள். தாவல்கள் மீளும் அந்த முதல் சில நொடிகளில் பிடிபடும் பொட்டலங்களை மட்டும் தனிக் கோப்பாக இங்கே இணையுங்கள்; நானும் உடன் பார்க்கிறேன்.